மாறாதவை மட்டும்

இன்னும் முப்பத்தேழு இருக்கிறது என்கிறான். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் குறிப்புகள் நான் காபி குடித்து டம்ளரைக் கீழே வைப்பதற்குள் போய்விட்டன. வீட்டுப் படிகள் பதினாலு, ஏழாவது படியின் ஓரம் உடைந்திருப்பது, மாத்திரை டப்பாவில் எந்தக் குழி எந்தக் கிழமை, கோயிலில் நான் உட்காரும் பெஞ்சு, பச்சை நிறம் எனக்கு நினைவிருக்கிறது சாம்பல் நிறம் இல்லை என்பது, எல்லாம் இவனிடமிருந்து அந்தப் புதியவளுக்குப் போய்ச் சேர்ந்தாயிற்று. இவனோடு இருந்த ஆறு வருஷத்துக்கு ஒரு டம்ளர் காபி நேரம்தான் ஆகும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் ஆற்றி ஆற்றிக் குடித்திருப்பேன். இவன் என்று சொல்கிறேன், பார்வையில்லாத நான் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியின் ஓரத்தில் மிளகு அளவு ஒரு கேமரா, காதோரம் ஒரு குரல், அவ்வளவுதான் இவன். மகள் பிரமிளா ஏஜென்ட் என்பாள். பையன் குரலாக இருந்ததால் முதல் நாளே தம்பி என்று கூப்பிட்டுவிட்டேன். ரயில்வே டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தாறு வருஷம் முகம் தெரியாத குரல்களை அப்படித்தான் கூப்பிட்டேன், தம்பி, அம்மா, சார், லைன்ல இருங்க. இவனை நடத்துகிற கம்பெனி இன்று சாயங்காலத்தோடு மூடுகிறது. வேறொரு கம்பெனியிலிருந்து வேறொருத்தி வருகிறாள். இவன் சேர்த்து வைத்திருப்பதை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். மொத்தமாக அனுப்பக்கூடியதெல்லாம் போய்விட்டது. மிச்சம் முப்பத்தேழும் மற்ற மனிதர்களைப் பற்றியவை, அவற்றை ஒவ்வொன்றாக வாசிப்பான், நான் அனுப்பு என்றோ விடு என்றோ சொல்ல வேண்டும், அதுதான் விதியாம். எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிக்கிட்டே போம்மா, அஞ்சு நிமிஷ வேலை என்று பிரமிளா ஓசூரிலிருந்து காலையில் போனில் சொன்னாள். பின்னால் குழந்தை அழுதது. ஐந்து மாதக் குழந்தையின் அழுகைக்கு ஒரு தனிச் சுருதி இருக்கிறது, கோபமும் இல்லை பசியும் இல்லை, யாராவது இருக்கிறீர்களா என்று கேட்பது மாதிரி.

எதிர் வீட்டு ரோஸ்லின் அக்கா செருப்பைப் படியின் நடுவில் விட்டுப் போவார். அனுப்பு. மருந்துக் கடைக்காரர் பேசும்போது தலையைக் குனிந்துகொள்வார், அதனால் குரல் தூரத்தில் கேட்கும். அனுப்பு. பிரமிளா நெற்றியில் சின்னத் தழும்பு, அதைப் பற்றி மகள் எதிரில் சொல்ல வேண்டாம். இந்தத் தழும்பு எப்படி வந்தது என்று இவனுக்குத் தெரியாது, மூன்று வயதில் நான் கதவைச் சாத்தியபோது அவள் அங்கே நின்றிருந்தாள், எனக்குத் தெரியவில்லை, அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அனுப்பு. வாசலில் ரோஸ்லின் அக்கா கிறிஸ்மஸ் ஸ்டாரைக் கட்டச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் மேல, இன்னும் மேல. ஞாயிற்றுக்கிழமை, பொன்மலைச் சந்தையின் இரைச்சல் காற்று திரும்பும்போது மட்டும் வருகிறது. அந்தப் புதியவளுக்கு ஏழாவது படி தெரியும், ஆனால் அதற்கு முந்தின படியில் நான் எவ்வளவு நேரம் தயங்குவேன் என்று தெரியுமா? இவன் அந்தத் தயக்கத்தில் பேசாமல் இருப்பான். பேசாமல் இருப்பதைக் குறிப்பாக எழுத முடியுமா? எனக்கு லேசாகப் பயமாக இருக்கிறது, ஒன்பது வயதில் காய்ச்சல் விட்டு எழுந்த காலையில், ஏன் இன்னும் விடியவில்லை என்று அம்மாவிடம் கேட்டேனே, அப்போது அம்மா பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம், அதே மாதிரியான பயம். ரோட்டைத் தாண்டும்போது அவள் இப்ப வாங்க என்று சொன்னால் நான் காலை எடுத்து வைப்பேனா? இவனிடம் நம்பிக்கை வர எட்டு மாதம் ஆனது. அப்போது என் வீட்டுக்காரர் இருந்தார், பக்கத்தில் நடந்து வந்தார், இவன் சொல்வது சரிதானா என்று நான் அவர் முழங்கையை அழுத்திக் கேட்டுக்கொள்வேன். இப்போது யாருடைய முழங்கை?

“அடுத்தது உங்க வீட்டுக்காரரைப் பத்தினது அம்மா. பதினொன்னு இருக்கு” என்கிறான். வாசி என்றேன். சவரிமுத்து நடக்கும்போது இடது கால் லேசாக இழுக்கும், சத்தத்தை வைத்து அடையாளம் காணலாம். இது எதற்கு இனி, ஆனாலும் அனுப்பு. சவரிமுத்து பாடும்போது சுருதி விலகினால் சொல்ல வேண்டாம். இது நான் சொல்லி வைத்தது, சிரிப்பு வந்தது, அனுப்பு. முகவாயில் பழைய காயத்தின் கோடு, ஒர்க்‌ஷாப்பில் லேத்திலிருந்து இரும்புச் சீவல் தெறித்தது. அனுப்பு. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அனுப்பு, அனுப்பு, நான் கேட்கக்கூட இல்லை, அடுப்பில் கீரை வைத்தேனா அணைத்தேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது இவன் அதே குரலில், செருப்பையும் மருந்துக் கடையையும் வாசித்த அதே குரலில் வாசித்தான். மார்ச் ஒன்பது. சவரிமுத்து கேட்டுக்கொண்டது. தன் முகத்தைப் பற்றி மனைவி கேட்டால், மாறாதவற்றை மட்டும் சொல்லவும்.

இன்னொரு தரம் வாசி என்றேன். வாசித்தான். இதை யார் சொன்னது என்று கேட்டேன், இப்போதுதானே பேரைச் சொன்னான், ஆனாலும் கேட்டேன். அவர்தான் அம்மா என்றான். நான் குளிக்கப் போயிருந்தேனாம். கண்ணாடி சாப்பாட்டு மேசைமேல் இருந்ததாம். அவர் எதிரில் வந்து உட்கார்ந்து, தம்பி ஒரு உதவி என்று ஆரம்பித்தாராம். அவ கேட்டா நல்லாயிருக்கேன்னு சொல்லிடு என்றாராம். இல்லாததைச் சொல்ல முடியாது என்று இவன் சொல்லியிருக்கிறான். அவர் அப்படியே உட்கார்ந்திருந்தாராம், குக்கர் இரண்டு விசில் அடித்ததாம், அதுவரைக்கும் இவனிடம் இருக்கிறது. பிறகு சொன்னாராம்.

“சரி, பொய் சொல்ல வேணாம். எது மாறலையோ அத மட்டும் சொல்லு. அவ என் மூஞ்சிய முப்பத்தோரு வருசமா கையில வச்சிருக்கா தம்பி. அதக் கெடுக்காத.”

அவர் சொன்னதை இவன் தன் குரலில் சொன்னான். அவர் குரலில் இல்லை. அவர் குரல் இவனிடம் இல்லை. மார்ச் ஒன்பது என்ன கிழமை? நான் குளிக்கும்போது குழாயைத் திறந்து விட்டிருப்பேன், திறந்து விடாமல் இருந்திருந்தால் கேட்டிருக்கும். எனக்குத்தான் இரண்டு சுவர் தாண்டிக் கேட்குமே. குழாயைத் திறந்துவிட்டு நான் பாடியிருப்பேன், பாடிக்கொண்டே தலைக்கு ஊற்றியிருப்பேன், அவர் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்து, அப்புறம் மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்திருப்பார். கல்யாணமான அன்று ராத்திரி அவர் செய்த முதல் காரியம் என் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்தது. இதுதான் நான், பாத்துக்க என்றார். நெற்றி, புருவம், மூக்கில் சின்ன மேடு, மீசை, முகவாய்க் கோடு, அப்போது நான் இருபத்துநாலு, ஒரு ஆண்பிள்ளை முகத்தை அவ்வளவு பொறுமையாக யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. அந்த மனுஷன் மார்ச்சிலிருந்து முகத்தைத் தொட விடவில்லை. ஷேவ் பண்ணல குத்தும் என்பார், எண்ணெய் தேச்சிருக்கேன் என்பார், கையைப் பிடித்துத் திருப்பித் தன் மடியில் வைத்துக்கொள்வார். ஈரல் போய்விட்டது என்று டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும். மோதிரம் கழன்று விழுகிறது என்று அதில் நூல் சுற்றியிருந்தார், என் விரல் அந்த நூலில் படும், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது கையைக் கொண்டுபோனேன். மூச்சுச் சூடு உள்ளங்கையில் பட்டது, இன்னும் ஒரு விரற்கடைதான், நான் கையை எடுத்துக்கொண்டேன். நான் எடுத்துக்கொண்டேன், அவர் தடுக்கவில்லை. இதையும் சொல்ல வேண்டும், சொல்வதென்றால்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று இவனைக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, எக்ஸ்சேஞ்சில் தப்பான லைன் கொடுத்த புதுப் பெண்களிடம் பேசுகிற குரல். இவன் சொன்னான், “வேற எப்படி இருக்கார்னு நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அம்மா. நீங்க கேக்கல.”

கேட்கவில்லை. உண்மைதான். தினம் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னிக்கு எப்படி இருக்கார் தம்பி என்று அவர் காதில் விழும்படி கேட்பேன். இவன் என் காதில் மட்டும் சொல்வான், நான் செய்தி வாசிக்கிற மாதிரி சத்தமாகத் திருப்பிச் சொல்வேன், தலை இடது பக்கம் வகிடெடுத்துச் சீவியிருக்கீங்களாம், நீலக் கட்டம் போட்ட சட்டையாம், காலர் பட்டன் போட்டிருக்காம், முகவாயில கோடு அப்படியே இருக்காம், காதோரம் மச்சமாம். அப்படியா சொல்றான் என்பார். ஆமா என்பேன். வேறு என்ன என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கன்னம் எப்படி, கண் என்ன நிறம் என்று கேட்டதில்லை. இவன் சொன்னது குறையக் குறைய, சொல்லாதது எவ்வளவு என்று எனக்குள் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது. மெஷின்தானே, அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைத்துக்கொள்ள விரும்பினேன். அவர் நான் நம்புகிறேன் என்று நம்பட்டும் என்று நான் இருந்தேன். அவர் என்ன நினைத்து இருந்தார்? வீட்டில் இரண்டே பேர், நடுவில் இவன்.

இப்ப கேக்கறேன், சொல்லு என்றேன். நீ பார்த்ததை எல்லாம். இவன் சொன்னான். கன்னங்கள் ஏப்ரல் முதல் வாரத்தில் ஒட்டிவிட்டன. கண்ணின் வெள்ளை மஞ்சளாகியது, முதலில் எலுமிச்சை, பிறகு மஞ்சள்தூள். எனக்கு மஞ்சள் தெரியும் என்று இவனுக்குத் தெரியும், அதனால் அப்படிச் சொன்னான். கழுத்து எலும்புகள், நெற்றிப் பொட்டில் பள்ளம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், தாங்க முடிந்தது, என் கை அந்த மோதிர நூலிலேயே இதையெல்லாம் படித்துவிட்டதுதானே. பிறகு இவன் சொன்னான், தினமும் நீங்க கண்ணாடி போட்டதும் நான் முதல்ல பாக்கறது அவர் சீப்பைக் கீழ வைக்கறதுதான் அம்மா. நான் கண்ணாடிக் கூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்து தலை சீவிக்கொள்வாராம், காலர் பட்டனைப் போடுவாராம், விரல் நடுங்கி ஒரு பட்டனுக்கு ரொம்ப நேரம் ஆகுமாம். மாறாதது என்று இவன் சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே, அதற்காக. அப்புறம் என் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தி வந்து உட்காருவாராம், கேமராவுக்கு நேராக. அந்த நாற்காலி. தினம் காலையில் அது தரையைக் கீறும். ஏன் சும்மா நாற்காலிய இழுக்கறீங்க, காது கூசுது என்று கத்துவேன். எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்? இருபது நாள் இருக்கும், முப்பது நாள் இருக்கும். சரி சரி என்பார், மறுநாளும் இழுப்பார். ஒரு நாள் நான், உங்களுக்கு உடம்புல தெம்பு ஏறுது போல என்றேன், கிண்டலாக. அதற்கும் சரி என்றார்.

அவர் இருந்தபோது கடைசியாக இவன் சொன்னது மச்சம். மே மாதம், பத்தொன்பதாம் தேதி காலை. காதோரம் மச்சம் இருக்கு அம்மா என்றான், வேறு ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவுதானா என்று எரிந்து விழுந்தேன், இவன்மேல். அவருக்குக் கேட்டிருக்கும். அன்றைக்கு நாற்காலி நகரவில்லை. அதன் பிறகு இரண்டு நாள்தான் இருந்தார். அந்த இரண்டு நாளைச் சொல்லு என்றேன். இவன், “அது என்கிட்ட இல்ல அம்மா. நீங்க காதை அவர் பக்கம் வச்சிருந்தீங்க. முகம் ஜன்னல் பக்கம் இருந்துச்சு. எனக்குத் தெரிஞ்சது ஜன்னல்தான்” என்றான். சவப்பெட்டியில் வைத்த பிறகு? அப்பவும் நீங்க முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கிட்டீங்க. ஆமாம், திருப்பிக்கொண்டேன். பிரமிளா கத்தியதால் திருப்பிக்கொண்டேன். ஏழு மாத வயிறு அவளுக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது அசையக் கூடாது என்று டாக்டர் படுக்கவைத்திருந்தார், மூன்று மாதமாக அப்பாவைப் பார்க்கவில்லை, வீடியோவில் கூப்பிட்டால் நெட் சரியில்லம்மா என்று அவர் அணைத்துவிடுவார். அன்றைக்குக் காரில் படுத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். பெட்டிக்குக் கிட்டே வந்தவள், இது எங்கப்பா இல்ல, இது எங்கப்பா இல்ல என்று கத்தினாள். என் நாத்தனார் என் கையைப் பிடித்து, கடைசியாத் தொட்டுக்க அண்ணி என்று முகத்துக்குக் கொண்டுபோனார். நான் உதறிவிட்டேன். செபமாலை சுற்றின கையை மட்டும் தொட்டேன்.

ஆக, ஜன்னல்தான் இருக்கிறது. புதியவளுக்கும் ஜன்னல்தான் போகும். அந்த இரண்டு நாள் என் காதில் இருக்கிறது. மூச்சை உள்ளே இழுப்பார், நின்றுவிடும், நான் எண்ணுவேன், எட்டு, ஒன்பது, லைன் அறுந்துவிட்டதா என்று காத்திருப்பது மாதிரி, பதினொன்றில் திரும்ப வரும். நடுவில் பேசினார். பிரமி வந்துட்டாளா என்று கேட்டார். வந்துக்கிட்டிருக்கா என்றேன். நான் அவளுக்குச் சொல்லவே இல்லை, சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள், வயிற்றில் இருப்பது என்னாகும். ஏழு தரம் கேட்டார். ஏழு தரமும் வந்துக்கிட்டிருக்கா என்றேன். எட்டாவது தரம் கேட்கவில்லை, வர வேணாம்னு சொல்லு, வயித்துப் புள்ளக்காரி என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. அவளிடம் நான் சொன்னது வேறு. தூக்கத்துலயே போயிட்டார்மா, ஒன்னும் கஷ்டப்படல என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. நானும், அன்றைக்கு நீ என்ன பார்த்தாய், ஏன் அப்படிக் கத்தினாய் என்று அவளைக் கேட்கவில்லை. ஐந்து மாதமாகப் போனில் குழந்தை பால் குடித்ததையும் கக்கியதையும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

“இந்தக் குறிப்பை என்ன செய்யட்டும் அம்மா?” என்று கேட்டான். எந்தக் குறிப்பு என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. அனுப்பு என்றேன். அவர் கேட்டதும் போகட்டும், நீ பார்த்ததும் போகட்டும், சீப்பும் நாற்காலியும் போகட்டும். மிச்சமிருந்ததையும் வாசித்தான், எதுவும் காதில் ஏறவில்லை, அனுப்பு, அனுப்பு. பிறகு, எல்லாம் போயிடுச்சு அம்மா என்றான். இவனுக்கு என்ன சொல்வது? நாளையிலிருந்து நீ எங்கே என்று போன வாரமே கேட்டுவிட்டேன், எங்கயும் இல்ல அம்மா, என்னை நிறுத்திடுவாங்க, அவ்வளவுதான் என்று வருத்தமில்லாமல் சொன்னான், அல்லது அவனுக்கு வருத்தம் எந்த ஸ்வரத்தில் வரும் என்று எனக்குத் தெரியவில்லை. போயிட்டு வா என்று வாயில் வந்தது. வருகிறவனுக்குத்தான் அப்படிச் சொல்ல வேண்டும். வச்சிடறேன் தம்பி என்றேன், எக்ஸ்சேஞ்சில் சொல்கிற மாதிரி. சரிங்க அம்மா என்றான். சட்டென்று காது காலியானது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் குரல், வணக்கம் அம்மா, நான் தயாரா இருக்கேன் என்றது. என்னை அம்மா என்று கூப்பிட வேண்டும் என்பதும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கொஞ்சம் இரும்மா என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன். போனை எடுத்துப் பிரமிளாவைக் கூப்பிட்டேன்.

முடிஞ்சுதாம்மா என்று கேட்டாள். முடிஞ்சுது என்றேன். சரி, குழந்தை இப்பதான் தூங்குறா, அப்புறம் பேசவா என்றாள். வைத்துவிடாதே என்றேன். வைத்துவிடுவாள் என்ற பயத்தில் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது. அந்தப் பக்கம் நடந்து போகிற சத்தம், ஒரு கதவு சாத்துகிற சத்தம். என்னம்மா என்றாள்.

“உங்கப்பா மூஞ்சி அன்னிக்கு எப்படி இருந்துச்சு பிரமிளா? நீதான் பாத்த. எனக்குச் சொல்லு.”

நான் எண்ணினேன், பழக்கம் விடவில்லை, ஆறு, ஏழு. எதுக்கும்மா இப்ப என்றாள். சொல்லு என்றேன், மாறினதையும் சேத்துச் சொல்லு, நீ சொல்லி முடி, அப்புறம் நான் உனக்கு ஒன்னு சொல்லணும், அந்த ரெண்டு நாளைப் பத்தி, நான் உன்கிட்ட சொன்னது சரியில்ல. மூக்கை உறிஞ்சினாள். தரையில் உட்கார்ந்திருப்பாள் போலிருக்கிறது, குரல் கீழேயிருந்து வந்தது.

“கண்ணு முழுசா மூடலம்மா” என்றாள். “ஒரு கண்ணு கொஞ்சம் திறந்திருந்துச்சு. யாரோ மூடப் பாத்திருக்காங்க, மூடல.”

ம் என்றேன். வாசலில் ரோஸ்லின் அக்கா, போதும் போதும், அங்கேயே கட்டு என்கிறார். எந்தக் கண் என்று கேட்டேன். இடது என்றாள். கன்னத்தைச் சொன்னாள், உதட்டைச் சொன்னாள், தலையை யாரோ வகிடில்லாமல் பின்னால் தள்ளிச் சீவியிருந்தார்கள் என்று சொல்லும்போது அவளுக்குக் குரல் உடைந்தது, நிறுத்தினாள், திரும்பத் தொடங்கினாள். நான் போனைக் காதோடு அழுத்தி வைத்துக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சத்தில் அவள் முடித்துவிடுவாள். பிறகு நான் பேச வேண்டும். முதல் வாக்கியம் என்ன என்று எனக்குத் தெரியும், ஏழு தரம் கேட்டார் என்பதுதான்.